ஓரம் ராவின மெடல்

அந்த நீலக் கோட்டுக்காரரையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. மரியாதையாத்தான் பாக்கறீங்க, தப்பில்ல. ஆனா இடது பக்கத்துலேர்ந்து மூணாவதா ஒரு மெடல் தொங்குது பாருங்க, அது அவருது இல்ல. அறுபத்தஞ்சு சண்டைக்குக் குடுத்தது அது. அப்ப அவரு அரை டவுசர் போட்டுக்கிட்டு கோலி ஆடிக்கிட்டு இருந்திருப்பாரு. அண்ணன் மெடலோ, மாமனார் மெடலோ, வரிசை கொஞ்சம் நீளமாத் தெரியட்டும்னு சேத்துக் குத்தியிருக்காரு.

நான் போய்ச் சொல்லப் போறதில்ல. முன்னெல்லாம் சொல்லுவேன். எழுந்து போய் காதுல சொல்லிட்டு வந்துதான் உட்காருவேன். இப்ப விட்டாச்சு. உட்காருங்க, இந்தப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில டாக்டர் வர பதினொண்ணு ஆகும், நம்ம டோக்கன் நாப்பதுக்கு மேல. அப்பாவுக்கு சுகர் மாத்திரையா? எனக்கும் அதேதான், கூட பிரஷர்.

என் பேரு தட்சிணாமூர்த்தி. பட்டாளத்துல ஹவில்தார் கிளார்க். துப்பாக்கி தூக்கினது டிரெய்னிங்கோட சரி. மீதி இருபத்திரெண்டு வருஷம் ரெக்கார்ட் ஆபீஸ்ல மெடல் செக்‌ஷன். எத்தனை ஆயிரம் மெடல் இந்தக் கை வழியாப் போயிருக்கும்னு கணக்கே இல்ல. ரிட்டயராகி வேலூர் வந்தப்புறம் மெடல் சேக்கறவங்க, பழைய சாமான் கடைக்காரங்க எல்லாம் தேடி வர ஆரம்பிச்சாங்க. நிஜமா, போலியா, நிஜம்னா என்ன விலை போகும், இதான் கேள்வி. மெட்ராஸ்லேர்ந்துகூட வருவாங்க. பைசா வாங்க மாட்டேன். காசு வாங்கினா பார்வை மாறிடும் சார்.

இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. மெடலைக் கையில குடுத்தா எல்லாரும் முகத்தைப் பாப்பாங்க. ராஜா தலையா, சிங்கமா, பளபளன்னு இருக்கா. நான் ஓரத்தைப் பாப்பேன். ரூபாக் காசுல கோடு கோடா இருக்குமே, அந்த ஓரம். அங்கதான் நம்பர், ரேங்க், பேரு, யூனிட் எல்லாம் பொடி எழுத்துல அடிச்சிருக்கும். பேரு இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு, இல்லாட்டி வெறும் தகரம். திருடறவன் என்ன பண்ணுவான்னா, அரத்தை எடுத்து ஓரத்தை ராவி பேரை அழிச்சிடுவான். அழிச்சது தெரியாதுன்னு நினைப்பான். முப்பத்தாறு மில்லிமீட்டர் இருக்க வேண்டியது முப்பத்தஞ்சரைதான் காட்டும். விட்டம் அளக்கற கருவி, காலிப்பர், அது பொய் சொல்லாது சார்.

இன்னொரு வழக்கமும் வெச்சிருந்தேன். மோசம்னு நான் சொன்ன மெடலை யாராவது என்கிட்டயே விட்டுட்டுப் போனா, உளியால அது முகத்து மேல பெருக்கல் குறி வெட்டிடுவேன். இன்னொருத்தன் கைக்குப் போய் ஏமாத்தக் கூடாது இல்ல? முப்பது வெட்டியிருப்பேன். முப்பதுல இருபத்தொன்பதைப் பத்தி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

தொண்ணூத்தேழு, சுதந்திரப் பொன்விழா வருஷம். அணைக்கட்டுப் பக்கம் ஒரு ஊரு, பேரு வேணாம். வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருக்கற ஊரு. ஊர் நடுவுல கல்தூண் நட்டு, சண்டையில செத்தவங்க பேரையெல்லாம் வெட்டறதுன்னு முடிவு பண்ணாங்க. கமிட்டித் தலைவர் ரிட்டயர்டு சுபேதார் எத்திராஜ். தங்கமான மனுஷன், ஆனா எதுக்கும் அத்தாட்சி கேப்பாரு. பேப்பர் இருக்கணும், இல்லைன்னா மெடலாவது இருக்கணும், அப்பதான் கல்லுல பேரு. பதினெட்டுப் பேருக்குப் பேப்பர் இருந்தது. பத்தொன்பதாவது ஆளுக்கு மெடல் மட்டும்.

அந்த ஆளு பேரு துரைக்கண்ணு. நாப்பத்தெட்டுல காஷ்மீர்ல செத்துட்டாருன்னு வீட்டுல சொல்றாங்க. ஊர்ல பாதிப் பேரு, அவன் எங்க செத்தான், பட்டாளத்தை விட்டு ஓடிப்போய் பம்பாய்ல எவளோடயோ குடும்பம் நடத்தினான்னு பேசறாங்க. எவனோ எப்பவோ கிளப்பி விட்ட பேச்சு. உடம்பு ஊருக்கு வரல, சமாதி இல்ல, புள்ளைகுட்டி இல்ல. பொண்டாட்டி பூங்காவனம் மட்டும் இருந்தாங்க. அப்ப அறுபத்தெட்டு வயசு இருக்கும். புருஷனோட இருந்தது மொத்தமே நாலு மாசம். அண்ணன் மக மல்லிகா வீட்டுல கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஓடிப்போனவனுக்கு சர்க்கார் மெடல் குடுக்காது, அது எல்லாருக்கும் தெரியும். அதனால அந்த மெடல் துரைக்கண்ணுதுதான்னா அவரு சண்டையில செத்தவரு. இல்லைன்னா ஊர் சொன்னதுதான் நிஜம்னு ஆயிடும். அதைப் பாத்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டாங்க.

பஞ்சாயத்து ஆபீஸ்ல மேஜை போட்டு, மேல வெள்ளைத் துணி விரிச்சு வெச்சிருந்தாங்க. நாப்பது ஆம்பளைங்க இருப்பாங்க. அந்தம்மா வாசப்படிக்கு வெளியில நின்னாங்க. மல்லிகாதான் உள்ள கொண்டாந்து குடுத்துச்சு.

ஒரு பக்கம் வாள், மறு பக்கம் தாமரை. காஷ்மீர் சண்டைக்குக் குடுத்த மெடல்தான், சர்க்கார் அடிச்சதுதான், அதுல சந்தேகமே இல்ல. ஓரத்தைத் திருப்பினேன். வழவழன்னு இருக்கு சார். ஒரு எழுத்து கிடையாது. காலிப்பர் வெச்சேன், முப்பத்தஞ்சேகால். மேல ரிப்பன் மாட்டற கம்பியை வெட்டிட்டு ஒரு வளையம் பத்த வெச்சிருந்தது. எவனோ டாலராப் போட்டுக்கிட்டு இருந்திருக்கான். மரியாதை தெரிஞ்ச குடும்பம் மெடலைப் போய் டாலர் பண்ணுமா? எனக்கு அப்பவே சுர்ருன்னு கோவம் வந்துடுச்சு.

"இத்தனை நாளா இது எங்கம்மா இருந்தது?"ன்னு கேட்டேன்.

அந்தம்மா மல்லிகா மூஞ்சியைப் பாத்தாங்க. அப்புறம், "பொட்டியில சார்"னாங்க.

"எந்தப் பொட்டி?"

"அவரு கொண்டாந்த டிரங்குப் பொட்டி."

"பேப்பரெல்லாம் எங்க?"

"அதுவும் அதுலதான் இருந்திச்சு. அறுவத்தாறுல தெருவே எரிஞ்சுதே, அதுல பூடுச்சு."

"பொட்டி?"

"அதுவுந்தான் சார்."

நான் லென்ஸைக் கீழ வெச்சுட்டேன். நீங்களே சொல்லுங்க. பொட்டி எரிஞ்சுது, பேப்பர் எரிஞ்சுது, உள்ள இருந்த மெடல் மேல மட்டும் நெருப்பே படல. ஒரு கருப்பு இல்ல, ஒரு நெளிவு இல்ல. நெருப்புல கிடந்த மெடல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எத்தனை பாத்திருக்கேன்!

"நிஜத்தைச் சொல்லும்மா. எங்க வாங்கினது இது?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டு, முந்தானையை இழுத்துக் கழுத்து வரைக்கும் மூடிக்கிட்டாங்க. மல்லிகா, "சொல்லு அத்தே, சொல்லிடு"ன்னுச்சு. "நீ சும்மா கெடடி"ன்னு ஒரு அதட்டு. அவ்வளவுதான், அப்புறம் வாயே திறக்கல. குத்தம் பண்ணவங்க அப்படித்தான் நிப்பாங்க, எனக்கு அது பழக்கம். அப்படித்தான் நினைச்சேன்.

எத்திராஜ் என் பக்கத்துல வந்து மெதுவா, "ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒரு லெட்டர் போட்டுக் கேட்டுடலாமா சார்?"ன்னாரு. எப்படி இருக்கும் எனக்கு? இருபத்திரெண்டு வருஷம் அதே ஆபீஸ்ல உட்காந்தவனைக் கூப்பிட்டு வெச்சுக்கிட்டு, அந்த ஆபீஸையே கேக்கறேங்கறாரு. "பதில் வர மூணு மாசம் ஆகும். விழாவுக்கு இருக்கறது ஒரு மாசம். அப்புறம் நான் எதுக்கு வந்தேன்?"ன்னேன். கொஞ்சம் சுருக்குன்னுதான் சொன்னேன். அவரு அடங்கிட்டாரு.

எழுந்து நின்னு சொன்னேன். "மெடல் அசல். ஆனா இது துரைக்கண்ணுதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஓரத்துல இருந்த பேரை ராவி அழிச்சிருக்கு. வேற எவனோடதோ." இவ்வளவுதான் சார். ஓடிப்போனவருன்னு நான் சொன்னேனா? சொல்லல. அந்தம்மாவைத் திருடின்னு சொன்னேனா? அதுவும் சொல்லல. வெளியில வரும்போது ஒருத்தன், "இத்தினி வருசமா எவனுதையோ வெச்சிகினு ஊரை ஏமாத்திகினு கீது பாரு"ன்னு சிரிச்சான். அது அவன் வாய். அதுக்கு நான் பொறுப்பாக முடியுமா?

மறுநாள் காலையில முதல் பஸ் பிடிச்சு அந்தம்மா என் வீட்டுக்கு வந்துட்டாங்க. தனியா. என் வீட்டம்மா சேர் போட்டா, உட்காரல. தண்ணி குடுத்தா, குடிக்கல. நின்னுக்கிட்டே கேட்டாங்க.

"சார், அந்த ஓரத்துல எழுத்தா இருந்திச்சு?"

"ஆமாம்மா. பேரு."

"அந்த ஓரத்துலயா? நல்லாத் தெரியுமா?"

"எல்லா மெடல்லயும் அங்கதான் இருக்கும்."

"எனக்கு எழுத்து தெரியாது சார். சொரசொரன்னு இருந்திச்சு. குத்திச்சு. ரத்தம் வந்துச்சு. அதான் ஆசாரிகிட்ட குடுத்து..."

"இருங்க, இருங்க"ன்னேன். "நேத்து பொட்டியில இருந்ததுன்னீங்க. இன்னிக்கு ஆசாரியா?"

"நான்தான் சார் ராவச் சொன்னேன்."

"நீங்களே சொல்லி ராவினீங்களா?"

"ஆமா சார்."

பாத்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு மேல நான் என்ன கேக்கணும்? குத்திச்சுன்னாங்க, எங்க குத்திச்சுன்னு நான் கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாங்க, அது வேற. "போதும்மா, ஒத்துக்கிட்டீங்க இல்ல, இதோட விடுங்க"ன்னேன். பெருந்தன்மையா விட்டதா எனக்கு நினைப்பு.

அந்தம்மா இடுப்பு முடிச்சை அவுத்து மெடலை எடுத்து மேஜையில வெச்சாங்க. முதல் நாளு இல்லாத ஒரு பழைய கருப்புக் கயிறு அந்த வளையத்துல கோத்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் வேர்வையும் ஏறி விறைச்சுப் போன கயிறு. நான் கயித்தைப் பாக்கல. மெடல்ல கயித்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

"கல்லுல வெட்ட வேணாம்னு சொல்லிடுங்க சார். அவரு பேரை நானே அழிச்சுட்டேன். இது இனிமே என்கிட்ட இருக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு, படி இறங்கிப் போயிட்டாங்க.

அன்னிக்கே எத்திராஜுக்கு எழுதிப் போட்டேன், இந்த மாதிரி அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்கன்னு. கயித்தை அவுத்துக் குப்பையில போட்டேன். உளியை எடுத்து அந்த வாள் மேல குறி வெட்டினேன். ஒரே அடியில ஆழமா விழுந்தது.

ஆகஸ்ட் பதினஞ்சு தூணைத் திறந்தாங்க. பதினெட்டுப் பேரு. எனக்கும் ஒரு சால்வை போட்டாங்க. அந்தம்மாவைக் கூட்டத்துல காணோம். சாப்பாடு சரியா இறங்கலை, படுத்துக்கிட்டாங்கன்னு யாரோ சொன்னாங்க. வயசானவங்களுக்கு அது சகஜம்தானே.

செப்டம்பர்ல ஒரு காலையில மல்லிகா வந்து நின்னுச்சு. தலை சீவல, செருப்பு இல்ல. "அத்தே செத்துடுச்சு சார். மெடலைக் குடுங்க, கழுத்துல போட்டு அனுப்பணும்"னுச்சு.

"கழுத்துலயா?"ன்னேன்.

அப்புறம்தான் சார் சொல்லுச்சு. நாப்பத்தெட்டுல தந்தி வந்ததும் தாலியை அறுத்துட்டாங்க. அப்ப அந்தம்மாவுக்குப் பத்தொன்பது வயசு. ஆறு வருஷம் கழிச்சுத் தபால்ல மெடல் வந்திருக்கு. அவரு அனுப்பினதுன்னே நினைச்சாங்களாம். ஆசாரிகிட்ட குடுத்து வளையம் வெச்சு, கருப்புக் கயித்துல கோத்து, ரவிக்கைக்கு உள்ள போட்டுக்கிட்டாங்க. ஒருத்தருக்கும் தெரியாம. ஓரம் சொரசொரன்னு நெஞ்சைக் கீறிப் புண்ணாக்கியிருக்கு. அதனால திரும்ப ஆசாரிகிட்ட போய், குத்தாம பண்ணிக் குடுன்னு கேட்டிருக்காங்க. அவனும் எழுத்து தெரியாதவன். அரத்தை எடுத்து வழவழன்னு ராவிக் குடுத்துட்டான். தெரு எரிஞ்சப்ப கட்டின துணியோட வெளியில ஓடி வந்தாங்க. மெடல் உடம்புல இருந்தது. நெருப்பு எப்படிப் படும்?

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா"ன்னேன். வேற என்ன சொல்ல வரும்?

"தாலியறுத்தவ, நாப்பத்து மூணு வருசமா கழுத்துல ஒண்ணு கட்டிகினு இருந்தேன்னு அத்தினி ஆம்பளைங்க முன்னாடி எப்பிடி சார் சொல்லும்? என்கிட்டயே பத்து வருசம் முன்னாடிதான், நான் குளிப்பாட்டறப்ப, வேற வழியில்லாம சொல்லுச்சு. பொட்டியில இருந்துதுன்னு சொல்லுடின்னு அதுதான் சொல்லிக் குடுத்துச்சு"ன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கு. நான் உள்ள போய் மெடலை எடுத்துக்கிட்டு வந்தேன்.

குடுத்தேன். திருப்பிப் பாத்துச்சு. "இன்னா சார் இது, குறுக்கால?"

"அது... ஒரு அடையாளம்"னேன்.

"இன்னா அடையாளம்?"

அழும்னு நினைச்சேன், அழல. மெடலை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, "கவுறு எங்க சார்?"ன்னுச்சு.

அதே பஸ்ல நாலு சீட்டு பின்னாடி உட்காந்து நானும் போனேன். ஏன் போனேன்னு கேட்டா தெரியாது. அங்க பொம்பளைங்க புடவையை மறைப்பாக் கட்டி உள்ள குளிப்பாட்டிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு கிழவி வெளியில வந்து, என்னைத்தான் பாத்து, எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னா. "நடு நெஞ்சுல வட்டமா காய்ச்சுப் போயி கருப்பா கீது. அதை எடுத்து மேல வெச்சா அப்பிடியே குந்துது. ஒரு இழை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகலை." ஆம்பளைங்க யாரும் உள்ள போக முடியாது. என் கை அது பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போச்சு. காலிப்பர் அங்கதான் இருந்தது. சீ, என்ன மனுஷன்டா நீன்னு எனக்கே அருவருப்பா இருந்தது சார்.

பத்து நாள் கழிச்சு எத்திராஜ் வந்தாரு. "தூண்ல கீழ இடம் இருக்கு. நீங்க தப்பாச் சொல்லிட்டேன்னு எழுத வேணாம், திரும்ப ஆராய்ஞ்சதுல சரின்னு தெரியுதுன்னு ரெண்டே வரி எழுதுங்க, வெட்டிடறேன்"னாரு. எப்படி எழுதறது? பொருள் அந்தம்மாவோட போயிடுச்சு. அந்தக் காய்ப்பை நான் என் கண்ணால பாக்கல. பாக்காததுக்கு நான் எப்பவுமே கையெழுத்துப் போட்டதில்ல. அப்படியே சொல்லி அனுப்பிட்டேன். அவரும் போன வருஷம் போயிட்டாரு.

ஆனா அவரு கிளம்பின அன்னிக்கு சாயங்காலமே ரெக்கார்ட் ஆபீஸுக்கு நான் எழுதினேன். ஊரு பேரு, ஆளு பேரு, வருஷம், எந்த ரிஜிஸ்டர்ல தேடணும்னுகூட எழுதினேன். பதினெட்டு நாளு சார். பதினெட்டே நாள்ல பதில் வந்துடுச்சு. நம்பர், பேரு, செத்த தேதி, சண்டையில செத்தாருன்னு தெளிவா இருக்கு. பதிவுத் தபால்ல மெடல் அனுப்பின தேதி இருக்கு. வாங்கிக்கிட்ட ரசீதோட நகலும் வெச்சிருக்கான். மனைவி பூங்காவனம், இடது கட்டைவிரல் ரேகை. ரசீதுல அழுத்தி வெச்சிருக்காங்க, மை நல்லா விழுந்திருக்கு.

அந்த மெடல்தான் இந்த மெடல்னு அதுல எங்க இருக்குன்னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டுக்கிட்டேன். அனுப்பினோம்னுதான் இருக்கு. அது அவங்க விரல்தானான்னும் கேட்டுக்கிட்டேன். ஒத்துப் பாக்கலாம்னா விரலை எரிச்சாச்சு. இப்படி ஒன்பது வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன். அந்தக் கவர் என் பீரோவுல, பேங்க் பாஸ்புக்குக்கு அடியில இருக்கு. அதைக் கொண்டுபோய் மல்லிகா கையில குடுத்தா போதும். மறுநாளே கல்தச்சனைக் கூப்பிட்டுடும். வேலூர்லேர்ந்து அந்த ஊருக்கு அரை மணிக்கு ஒரு பஸ்.

கவர்மேல தேதி இருக்கு சார். தபால் முத்திரை. எப்ப வந்ததுன்னு மல்லிகா பாக்கும். எட்டாவது படிச்சிருக்கு, படிக்கும். படிச்சுட்டு என்னை நிமிந்து பாக்கும். அதுக்குத்தான் பயம், வேற ஒண்ணும் இல்ல. என் வீட்டம்மாவுக்குக்கூட இது தெரியாது. யாரு எவருன்னு தெரியாததாலதான் உங்ககிட்ட சொன்னேன். உங்க பேரு என்னன்னு நான் கேக்கல பாருங்க, சொல்லாதீங்க.